கிருபானந்தம் பிரேக் ஹோஸுக்கு எண்ணெ தடவுன கதை

இப்ப நான் சொல்லப்போறது அப்படியே நடந்த விஷயம். ஒரு பொய் கெடையாது. ஒண்ணுதான் கெடையாது, பத்து பதினஞ்சு இருக்கும். இன்னா பண்றது, ஆம்பூர்ல பொறந்து தொலச்சிட்டேன். ஈரத் தோல நாலு பக்கமும் இழுத்து மாட்டுனாத்தான் காயும்னு பாத்து வளந்தவன், கதையயும் அப்படித்தான் இழுப்பேன். ஆனா தோலு நெசத்தோலு. சந்தேகம்னா கிருபானந்தத்தயே கேட்டுக்குங்க. இதோ நம்ம முனியம்மா டீக்கட பெஞ்சுலதான் வடைய மடிச்சுப் பாத்துக்கினு உக்காந்திருக்காரு.

அவரு டேனரில செலக்‌ஷன் பாக்கறவரு. தோல எடுத்து, மடிச்சு, கட்டவெரலால நெருடி, மோந்து பாத்து, "இது ஃபர்ஸ்ட்டு, இது ரிஜெக்ட்டு"ன்னு பிரிச்சுப் போடற வேல. அந்தக் கை ஊட்டுக்கு வந்தாலும் சும்மா கெடக்காது. தோசைய மடிச்சு ஓரத்துல வெடிப்பு இருக்குதும்பாரு. பொண்ணு ரெனிட்டாவ பாக்க வந்த மாப்ள கையக் குடுத்தான். உள்ளங்கைய நெருடிட்டு, "சரக்கு நல்லாருக்குது"ன்னாரு.

அவரு கிட்ட ஒரு பழைய ஆம்னி வேன் இருக்குது. கதவ மூடுனா ஜன்னல் தெறக்கும், ஜன்னல மூடுனா வைப்பர் ஓடும். அவருக்கு அதுதான் உசுரு. அவரு சம்சாரம் கிரேஸி, வேலூர் ஆஸ்பத்திரில நர்ஸு, ட்யூட்டிக்கு அதத்தான் ஓட்டிக்கினு போவாங்க. ஒரு நா சத்துவாச்சாரி சிக்னல்ல பிரேக்க மிதிச்சாங்க, பெடல் மெத்தையில கால வெச்சாப்பல உள்ள போயிடுச்சு. வண்டி நின்னுச்சு, நிக்காம இல்ல. ஆனா முன்னாடி ஷேர் ஆட்டோல குந்திக்கினு இருந்த பெரியவரு போட்ட வெத்தல எந்த ஊரு வெத்தலன்னு கிரேஸிக்குத் தெரிஞ்சு போச்சு, அவ்ளோ கிட்ட.

ஊட்டுக்கு வந்து பையக்கூட கீழ வைக்கல. "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பிரேக்கு சரியாவல, வண்டி காயலான் கடைக்குப் போயிடும்."

அவருக்கு நெஞ்சு நின்னே போச்சு. சம்சாரம் நர்ஸா இருக்கங்காட்டி பொழச்சாரு.

மறுநா காலைல வண்டிக்கு அடியில பூந்தாரு. கிரேஸி மேல சீட்டுல.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"விடு."

"அப்பவே உட்டுட்டேன்."

"நான் சொல்றதுக்கு முன்னாடி ஏம்மா உட்ட?"

"கால் வலிக்குது. நீங்க மேல வாங்க, நான் பாக்கறேன்."

எடம் மாறுனாங்க. அவரு மிதிச்சாரு, கிரேஸி செல்போன் லைட்ட அடிச்சு முன்சக்கரத்துப் பக்கம் பாத்தாங்க. சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டு போவுதே ரப்பர் ஹோஸு, அது மிதிக்க மிதிக்க வீங்குது.

"இன்னாங்க இது, எலிய முழுங்குன பாம்பாட்டம் இருக்குது. தொட்டா கொழகொழன்னு ஒட்டுது. இதுல இன்னாத்த தடவுனீங்க?"

மேல அவரு ஜன்னல மூடுனாரு, வைப்பர் ஓடுச்சு.

"உங்களத்தாங்க."

"வெடிப்பு வந்துடக்கூடாதுன்னு... தோலுக்குப் போடற எண்ணெ. மாசாமாசம். மடிச்சுப் பாரு, ஒரு கோடு இருக்குதா?"

"கோடும் இல்ல, பிரேக்கும் இல்ல. ரப்பருக்கு யாருங்க எண்ணெ தடவுவாங்க?"

கிரேஸி சிரிச்ச சிரிப்புல வண்டி தானா ரெண்டடி பின்னால போச்சு.

கிருபானந்தம் அப்துல் வஹாப் பாயோட மெக்கானிக் ஷெட்டுக்கு ஓடுனாரு. பாய் புது ஹோஸ எடுத்து வெச்சாரு. நம்மாளு மடிச்சாரு, நெருடுனாரு, மோந்தும் பாத்தாரு.

"அண்ணே, இது இன்னா ஆட்டுத்தோலா?"ன்னாரு பாய்.

"கொஞ்சம் வெறப்பா இருக்குது பாய். லேசா எண்ணெ..."

பாய் ஹோஸ வெடுக்குன்னு புடுங்கிக்கினாரு. "மொதல்ல அந்த எண்ணெ டப்பாவ இங்க கொண்டாந்து வையுங்க. அப்புறம்தான் ஹோஸு."

டப்பா வந்துச்சு, பாயும் ஊட்டுக்கு வந்தாரு. பழசெல்லாம் கழட்டி, புதுச முறுக்கு உழாம மாட்டி, உள்ள பூந்த காத்த வெளியேத்தணும். ஒருத்தர் பெடல மிதிச்சுப் புடிக்கணும், கீழ ஒருத்தர் சக்கரத்துல காத்து போறதுக்குன்னு இருக்கற திருகியத் தெறந்து மூடணும். மூடறதுக்குள்ள கால எடுத்தா மறுபடி காத்து பூந்துடும். மொதல் சக்கரத்துல புருசன் பொண்டாட்டி போட்ட சண்டையில தெருவே ஜன்னல்ல நின்னுச்சு. ரெண்டாவதுல சண்ட கம்மி. கடைசி சக்கரத்துல "அழுத்து, புடி, விடு"ன்னு ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சொல்றாங்க. "கல்யாணத்தன்னிக்கே உங்களுக்கு ஹோஸு மாத்தியிருக்கணும்"ன்னாரு பாய்.

ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு டேனரி பக்கத்து காலி எடத்துல பரிட்ச. கிரேஸி ஒரு நீல டிரம்ம நிக்க வெச்சாங்க. "டிரம்ம தொட்டா காயலான் கடை. தொடலன்னா வண்டி இருக்கட்டும்."

கிருபானந்தம் போனாரு, டிரம்ம ஓரமா தள்ளிட்டு அந்த எடத்துல தானே நின்னுக்கினாரு.

"இன்னாங்க பண்றீங்க?"

"பிரேக்கு மேல நம்பிக்க இருக்குது."

"என் மேல?"

"அதுக்குத்தான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கறேன்."

கிரேஸி வந்தாங்க பாருங்க ஒரு வரத்து, அந்தப் புழுதியில சோளிங்கர் மலையேறிக்கினு இருந்தவங்கல்லாம் தும்முனாங்க. மிதிச்சாங்க. கல்லு மாதிரி பெடலு. வண்டி நட்டு வெச்சாப்பல நின்னுச்சு. பம்பருக்கும் அவரு தொப்பைக்கும் நடுவுல ஒரு எறும்பு போவணும்னா ஒருக்களிச்சுத்தான் போவணும். கிரேஸி உள்ள இருந்தே கைய ஆட்டி, "வண்டி இருக்கட்டுங்க"ன்னாங்க. இவரு ஆம்னி மூஞ்சியக் கட்டிப் புடிச்சு முத்தம்...

"நில்லு நில்லு" முனியம்மா டீ வடிகட்டிய கீழ வெச்சா. "எறும்பு எங்க போச்சு? பம்பரு தொப்பைய தொட்டுச்சு. டீ குடுக்க வந்த நான் கண்ணால பாத்தேன்."

"வண்டி தொடல, தொப்பதான் தொட்டுச்சு," அதே பெஞ்சுல டீ குடிச்சிக்கினு இருந்த வஹாப் பாய் எழுந்துட்டாரு. "மூச்ச உள்ள இழுத்து வெச்சிருந்தவரு, வண்டி நின்ன சந்தோஷத்துல உட்டுட்டாரு."

"யாரு யாரத் தொட்டா இன்னா பாய்? தொட்டா காயலான் கடைன்னுதான பேச்சு? அந்தக்கா ஸ்டியரிங்குக்குப் பின்னால இருந்தாங்க, அவங்களுக்கு இன்னா தெரியும்? வரட்டும், நானே சொல்றேன்."

கிருபானந்தம் வடைய உட்டுட்டு எழுந்தாரு. "முனியம்மா, இந்தப் பேச்சு ஊடு வரைக்கும் போவக்கூடாது."

"அப்ப தொட்டுச்சு, ஒத்துக்கறீங்க."

"சட்ட தொட்டுச்சு. நான் தொடல."

"சட்டைக்குள்ள யாரு இருந்தா, மாப்ளயா?"

"என் வேலைய பொய்யின்னு சொல்றியா நீ?"ன்னு பாய் பெஞ்சத் தள்ள, பெஞ்சு சாய, அதுல குந்தியிருந்த நாலு பேரும் ஆளுக்கொரு கட்சியாப் பிரிஞ்சு...