தூண் திறந்து பார்த்த கிடார்

இதை எழுதுகிறவன் பட்டம் வாங்கிய கையோடு வேலைக்குச் சேர்ந்து, கணினித் திரை கண்ணைக் குத்த ஆரம்பித்ததும், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் அவரை முதலில் பார்த்தான். பின்னறையில் உட்கார்ந்து, எறும்புத் தலை அளவு திருகாணியை ஃபிரேமில் முறுக்கிக்கொண்டிருந்தார். கை கல்லாக நின்றது. முன்பக்கம் முதலாளி ஒரு தடவை இருமினார், கல் ஆடிவிட்டது. தரையில் விழுந்த திருகாணியை இரண்டு பேருமாக மண்டியிட்டுத் தேடினார்கள். பழக்கம் அப்படித் தொடங்கியது.

அவருடைய பட்டப்பெயர் தூண். ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் வாசிக்கிற குழுவில் பேஸ் கிடார் அவர் கையில் இருந்தது. மேடையில் இம்மியும் அசையாமல் நிற்பதால் வந்த பெயர். மேடையை விட்டு இறங்கினால் அந்தப் பெயருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அழைப்புமணி அடித்தால் பயம். அடிக்காவிட்டால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயம்.

"தூக்கத்துல மட்டும்தான் இவருக்குப் பயம் கிடையாது," என்பார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி. "அதுலயும் கனவு வந்தா எழுந்து உக்காந்துக்குவாரு."

ஆனால் கிடார் வாரைத் தோளில் மாட்டி, தடித்த கம்பியை முதல் தடவை அதிரவிட்டதும், வயிற்றைச் சதா பிசைந்துகொண்டிருக்கிற ஏதோ ஒன்று பிடியை விட்டுவிடும். வாரத்தில் அந்தச் சில மணி நேரம்தான் அவர் மற்றவர்களைப் போல மூச்சு விட்டார். வேறு எதற்காகவும் அவர் வாசிக்கவில்லை.

அந்தக் கிடார் கடையில் இருந்ததிலேயே மலிவானது. இரண்டு பாட்டு முடிவதற்குள் மூன்றாவது கம்பி தளர்ந்து சுருதி இறங்கிவிடும். சத்தமும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடுவில் கம்பி இறங்க, பாடுகிற பெண் திரும்பி முறைத்தாள். முடிந்ததும் குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர் அவரை ஓரமாக அழைத்தார்.

"கோவிச்சுக்காதே தூணு. வர்ற சனிக்கிழமை ஒத்திகையிலயும் இப்படின்னா, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கிடாரைக் கட்டிலில் போட்டுவிட்டு மனைவியிடம் சொன்னார்: "பழைய கீ எல்லாத்தையும் கழட்டிட்டு நல்லதா மாட்டணும். பிக்கப்பும் மாத்தணும்."

"புதுசாவே ஒண்ணு வாங்கிடுங்களேன்."

"அதோட கழுத்து எனக்குப் பழகாதே. தடவித் தடவி வாசிக்கவா?"

கம்பியை முறுக்கும் கீ நான்கும் ஒரே கடையில் கிடைத்தன. கம்பிக்கு அடியிலிருந்து ஓசையை வாங்கி ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்தான் ஜோடியாகக் கிடைக்கவில்லை. ஒரு கடையில் ஒன்று, இன்னொரு கடையில் வேறு கம்பெனிச் சரக்கு ஒன்று என்று வாங்கி வந்தார்.

புதுக் கீயின் தண்டு பருமன். கிடாரின் தலையிலுள்ள துளைகளைப் பெரிதாக்க வேண்டும். அதே குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற மனைவியின் தம்பி, டிரில்லிங் மெஷினும் கையுமாக வந்து நின்றான்.

"தள்ளிக்க மாமா. நாலு செகண்டு வேலை."

"மச்சான், உன் காலுல விழறேன், அதைக் கீழ வை! மரம் பொளந்துதுன்னா?"

"பொளந்தா ஃபெவிகால் இருக்கு."

"உன் தலை பொளந்தாலும் அதானா?"

கடையில் ஃபிரேம் ராவுகிற உருட்டு அரத்தை எடுத்து வந்து, ஒவ்வொரு துளையாகக் கையாலேயே ராவினார். ராவுவதும் கீயை நுழைத்துப் பார்ப்பதும் மறுபடி ராவுவதுமாக இரண்டு சாயங்காலம் போயின. மரம் லேசாகக் கிறீச்சிட்டாலே அரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான்கும் கச்சிதமாக உட்கார்ந்தன.

அடுத்தது பிக்கப். பின்மூடியைத் திறந்ததும் உள்ளே வயர்கள் குடலைப் போலச் சுருண்டு கிடந்தன. பிக்கப் ஒன்றுக்கு ஒரு வால்யூம் குமிழ்; கறுப்பு வயரைக் குமிழின் முதுகிலும், வெள்ளையை அதன் காலிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். இரண்டு பிக்கப்புக்கும் ஒரே மாதிரி. தொங்கல் இருந்தால் அவருக்குப் பிடிக்காது. மிச்ச வயரை ஒட்ட நறுக்கிவிட்டார்.

ஆம்ப்பில் செருகி, முன் பிக்கப்பின் குமிழை மட்டும் திறந்து வாசித்தார். ஜன்னல் அதிர்ந்தது. பின் பிக்கப்பை மட்டும் திறந்தார். அதுவும் கணீரென்றது. இரண்டையும் சேர்த்துத் திறந்தார்.

சத்தம் செத்துப்போயிற்று. அடிவயிற்றிலிருந்து வரவேண்டிய நாதம் கொசு ரீங்காரமாகச் சிறுத்து வந்தது. மறுபடி வாசித்தார். அதே கொசுதான். எதையோ எரித்துவிட்டோம் என்று நினைத்தார். காது போய்விட்டதோ என்றும் நினைத்தார்.

"என்ன ஆச்சுங்க?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல."

வாரத்தின் மிச்ச நாளெல்லாம் அந்த ஒண்ணுமில்லையைச் சுமந்துகொண்டு திரிந்தார். சோறு இறங்கவில்லை. பேருந்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார். ஒரு பிக்கப்பை மூடிவைத்தே வாசித்துவிடலாம் என்று தேற்றிக்கொள்வார். உடனே, இரண்டையும் திற என்று கீபோர்டுக்காரர் சொல்வதும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பதும் கண்ணெதிரே நடக்கும்.

சனிக்கிழமை காலை கடையில் பவர் பார்க்கும் மெஷின் மக்கர் செய்தது. ஒரு பெரியவரின் பழைய கண்ணாடிக்குப் பவர் தெரிய வேண்டும். கையாலேயே பார்க்க வேண்டியதுதான். அந்தக் கண்ணாடி பிளஸ்; அதன்மேல் மைனஸ் வில்லைகளை ஒவ்வொன்றாக வைத்து அசைத்தார். ஒரு வில்லையோடு சேர்ந்தபோது, வழியே தெரிந்த ஜன்னல் கம்பி ஆடாமல் நின்றது. ஒன்றை ஒன்று தின்றுவிட்டு இரண்டும் வெறும் ஜன்னல் கண்ணாடி ஆகிவிட்டன. பிளஸ் அளவு தெரிந்துவிட்டது.

அவர் வில்லைகளைப் பிரித்துப் பார்த்தார். தனித்தனியே இரண்டுக்கும் பவர் இருந்தது. மறுபடி சேர்த்தார்.

கெட்டுப்போனது எதுவுமில்லை! ஒரு பிக்கப் பிளஸ், இன்னொன்று மைனஸ். பின் பிக்கப்பைச் செய்த கம்பெனிக்காரன் கறுப்பையும் வெள்ளையையும் மாற்றி வைத்திருக்கிறான்.

முதலாளியிடம் போய் நின்றார். "வயித்து வலிங்க."

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. கெளம்பு."

வீட்டில் பின் பிக்கப்பின் இரண்டு வயரையும் உருக்கிப் பிரித்தார். மாற்றி வைக்கப் போனால் வெள்ளை எட்டவில்லை. ஒட்ட நறுக்கிய வினை. துண்டு வயர் சேர்த்து நீட்டினார். ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைக் கொண்டுபோகும்போதெல்லாம் நீட்டிய வயர் நழுவியது. ஒத்திகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"நகருங்க, வயரை நான் பிடிச்சுக்கறேன்," என்று மனைவி இடுக்கியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். "தினமும் எத்தனை பேரு நரம்பைப் பிடிக்கிறேன். இது அழக்கூட செய்யாது."

"சுட்டுறப் போறேன்."

"சுட்டா கத்துறேன். வைங்க."

வைத்தார். புகை எழுந்தது, ஈயம் வழிந்து பளபளத்து இறுகியது. கம்பியைக் கட்டி, இரண்டையும் திறந்து ஒரே ஒரு தடவை மீட்டினார். அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

"கேட்டாச்சு, கெளம்புங்க," என்றார் மனைவி.

ஒத்திகை அறைக் கதவைத் திறந்தார். மூலையில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் உறை பிரிக்காத பேஸ் கிடார். மச்சான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து உதட்டைப் பிதுக்கினான்.

"சும்மாதான் வரச் சொன்னேன் தூணு," என்றார் கீபோர்டுக்காரர், முகத்தைப் பார்க்காமல். "ஆரம்பி."

வாரை மாட்டினார். முதல் அதிர்வுக்கு விடவேண்டிய பிடியை, வயிற்றைப் பிசைகிற அது அன்றைக்கு விடவில்லை. பயத்தோடேயே வாசித்தார். இரண்டாவது பாட்டில் கீபோர்டுக்காரர் கையைத் தூக்கி, "ரெண்டு பிக்கப்பையும் முழுசா தெற," என்றார். திறந்தார். பற்றவைத்த இடம் விட்டுவிடும், இதோ விட்டுவிடும் என்றே ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தார். விடவில்லை. நான்கு பாட்டு முடிந்தும் மூன்றாவது கம்பி இறங்கவில்லை. பாடுகிற பெண் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கீபோர்டுக்காரர் மூலையில் இருந்தவரிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து, தூணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துரு," என்றார் கீபோர்டுக்காரர்.

தூண் சரி என்றார். அப்புறம் வெளியே போய் வாந்தி எடுத்தார்.

இப்போதும் அவர் அதே கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே குழுவில் அந்தக் கிடாரைத்தான் வாசிக்கிறார். வேறு குழுக்காரர்கள் தங்கள் கிடாரிலும் கீ, பிக்கப் மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டதுண்டு. அவர் எதையும் திறக்கச் சம்மதிக்கவில்லை.