மாசிக்காய் என்று பறித்தது

நான் திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அறுபதுகளின் தொடக்கத்தில் கலியாணமாகி நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு வந்தேன். வீட்டைச் சுற்றிக் கொறங்காடு. உழுது விதைக்கிற காடு இல்லை. கிளுவை வேலி அடைத்து, புல்லும் வெள்வேல மரமுமாக ஆடுமாட்டுக்கு விட்ட மேய்ச்சல் நிலம். இந்த முள்ளுக்குள்ளேயா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

அந்த முள்மரங்களே என்னை இளக வைத்தன. ஐப்பசி மழை விட்டதும் வெள்வேலக் கிளைகளில் பச்சையாக, லேசாகச் சிவப்போடி, சுண்டைக்காய் அளவில் உருண்டைகள் கிளம்பின. காய் என்று நினைத்தேன். வெள்வேலங்காய் வளைந்த நெற்றாக இருக்கும், சித்திரையில்தான் வரும் என்று வீட்டுக்காரர் சிரித்தார். அப்புறம் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். ஓடையோரத்துக் கருவேலத்தில் வேறு மாதிரி வீக்கம். உடைமரத்தில் இன்னொரு மாதிரி. வன்னியில் இலைக்காம்பு நெடுகப் பாசிமணி கோத்ததுபோல. எல்லாம் ஒரே வகையறா மரங்கள்தான், ஆனால் ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை! தை பிறந்தால் அவை கட்டையாக இறுகிவிடும். பங்குனியில் ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தியதுபோல ஓர் ஓட்டை இருக்கும். யார் குத்தியது என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "அது மரத்து முண்டு புள்ள. அதையப் போயிப் பாத்துட்டு நிக்கறயே!" என்பார்.

மறு தையில் என் மகள் கைக்குழந்தை. வயிற்றுப்போக்கு கண்டு துவண்டுவிட்டாள். பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, வந்து பார்த்தார். "உம்பட பாலு புள்ளைக்குச் சேரல அம்மிணி. நிறுத்திப்போட்டு ஆட்டுப்பாலு குடு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! என் பாலா சேரவில்லை? ஆனால் பயம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. காலையிலிருந்து பால் கொடுக்கவில்லை. மார் கட்டிக்கொண்டு வலித்தது. கொடுத்த ஆட்டுப்பாலைக் குழந்தை கக்கிவிட்டது. வீட்டுக்காரர் பழனி டாக்டரிடம் போக வண்டி பூட்டக் கிளம்பினார்.

அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கடுப்பு என்றால் மாசிக்காயைக் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். அம்மா கொடுத்தனுப்பியதில் ஒன்றுதான் மிச்சம், அதுவும் உரைக்கப் பிடி கிடைக்காத துண்டாகத் தேய்ந்துவிட்டது. நாட்டுமருந்துக் கடையில், "ஓட்டை இல்லாததாப் பாத்து எடுடி, அதுலதான் அம்புட்டுச் சாரமும்" என்று அம்மா பொறுக்குவாள். நிமிர்ந்தால், வாசல் வெள்வேலம் நிறைய மாசிக்காய்! அதே உருண்டை, அதே கரடு, அதே நிறம். கைக்கெட்டுகிற மருந்தை இத்தனை நாள் முண்டு முண்டு என்கிறார்களே என்று, ஓட்டை இல்லாததாகத் தேடிப் பறித்தேன். மாசிக்காய்தானா என்று பார்க்க ஒன்றை அம்மியில் வைத்துக் குழவியால் தட்டினேன்.

அடி ஆத்தி! உள்ளே சின்னஞ்சிறு அறை. அதற்குள் அரிசியில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புழு, மினுமினுவென்று கொழுத்து, உயிரோடு நெளிந்தது. கடையில் வாங்கிய மிச்சத்தையும் உடைத்தேன். அதிலும் அதே அறை. நடுவில் காய்ந்துபோன ஒரு பூச்சி, இறக்கையோடு. அப்படியானால் மாசிக்காயும் காய் இல்லை!

வீட்டுக்காரர் வந்து குத்தவைத்துப் பார்த்தார். "ஏ சாமி! வாசலே இல்லாம இது உள்ள எப்பிடிப் போச்சு?"

"போகலைங்க. ஏதோ பூச்சி முட்டையா வச்சிட்டுப் போயிருக்கும். மரம் அதச் சுத்தி வளந்திருக்கு. பங்குனியில பாத்த ஓட்டை, இது றெக்க மொளச்சு வெளிய போற வழி."

மழை நின்றுபோன மாசத்தில், காய்ந்த மண்ணில் நிற்கிற மரம். எங்கிருந்தோ வந்த பூச்சி விட்டுப்போன முட்டைக்குத் தன் சதையையே சுவராகவும் சோறாகவும் கொடுத்திருக்கிறது. அந்தப் புழு வேறு எதையும் தின்னவில்லை. அதை நசுக்க எனக்குக் கை வரவில்லை. மரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாத்தனார் மறுபடி செம்போடு வந்தார்.

"ஆட்டுப்பாலு வேணாம் மதினி."

"கோவமா அம்மிணி?"

"கோவந்தான். எம்புள்ளைக்கு எம்பாலுதான்."

வண்டி பூட்டும் வரை மரத்தடியில் உட்கார்ந்து குழந்தையை மாரில் போட்டேன். அவளுக்குப் பிடிக்கத் தெம்பில்லை. வாய் நழுவி நழுவிப் போனது. எனக்கு அழுகை முட்டியது. செத்த நேரம் கழித்துக் கவ்வினாள். விழுங்குகிற சத்தம் கேட்டது. நாத்தனார் செம்பைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் மேல் வெயில் படாமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.