குட்டி ஜீப்பின் மேல் இரண்டு கயாக்

கயாக் ஓட்ட என்னோடு ஏரிக்கு வர என் மனைவி முதல்முறையாகச் சம்மதித்த ஞாயிறு அது. அவள் இன்னொரு முறையும் வர வேண்டுமே என்பதுதான் என் ஒரே கவலை.

ஆண்டர்சன்பேட்டை வீட்டு வாசலில், ஜீப்பைவிட நீளமான இரண்டு துடுப்புப் படகுகளையும் கூரைமேல் ஏற்றினோம். நாங்கள் உள்ளே உட்கார்ந்து, கயிற்றை ஒரு ஜன்னலில் வாங்கி மறு ஜன்னலில் நீட்டினோம். மச்சினன் வெளியே நின்று படகுகளைச் சுற்றி இறுக்கினான்.

"இன்னமே ஆடாது மாமா, போங்க."

பூதிகோட்டை ஏரி வரைக்கும் ஆடவில்லை. பாறையும் பள்ளமுமான மண்தடத்தில் ஜீப் குதிக்கக் குதிக்க, படகுகளின் மஞ்சள் மூக்குகள் இரண்டும் வானத்தை மோந்துகொண்டே வந்தன. எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது.

ஏரிக்கரையில் நிறுத்தினேன். கதவு திறக்கவில்லை. படகுகளோடு கதவுகளையும் சேர்த்துக் கட்டியிருந்தோம். முடிச்சு கூரைக்கு மேலே இருந்தது. அறுத்தால் திரும்பிப்போக வேறு கயிறில்லை.

"இன்னாங்க, நம்மளையும் சேத்து பார்சல் கட்டிக்கினு வந்துட்டீங்களா?"

"உன் தம்பிதானே கட்டினான்?"

"கயித்த நீட்டுனது யாரு?"

இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். அவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, பாதி உடம்பை வெளியே வளைத்து முடிச்சைத் தேடினாள். கொஞ்ச நேரத்தில் கயிறு தளர்ந்தது. கதவைத் திறந்து இறங்கி, முழங்கையைத் தேய்த்தபடி தண்ணீரைப் பார்த்தாள்.

"அடுத்த வாட்டி நான் கட்றேன். நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க."

அடுத்த வாட்டியா! சிரிப்பை அவள் பார்த்துவிடாதபடி படகை இறக்கப் போனேன்.