முதல் இழுப்பா, இரண்டாவதா

என் மருமகளை வீட்டில் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவோம். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஈஸ்ட் வேலை. ரொட்டி மாவை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். அதைப் பட்டினி போட்டால் ஒரு செல் நான்கு வித்துகளாகப் பிரிந்து ஒரே பைக்குள் ஒட்டிக்கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, முடி கனமுள்ள கண்ணாடி ஊசியால் நான்கையும் பிரித்துத் தட்டில் வரிசையாக வைப்பாள். மூன்றாம் நாள் எத்தனை முளைத்தன என்று எண்ணுவாள். அதற்கு முன் தட்டைத் திறக்கவே மாட்டாள்.

“பட்டினி போட்டாத்தான் பிள்ளை பெறுமா? அப்போ நாளையிலேருந்து உனக்கும் சோறு கிடையாது” என்று கல்யாணமான புதிதில் கிண்டல் செய்தேன்.

“உங்க சமையலுக்கு அதுவே தேவலை அத்தை.”

இரண்டு கரு கலைந்தபின் அந்தக் கிண்டலை விட்டுவிட்டேன்.

மூன்றாவது பன்னிரண்டு வாரம் தாங்கியது. நஞ்சுக்கொடியில் ஊசியால் துளி எடுத்துக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு ஒரு நாள் காலையில் அவள் போனுக்கு வந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“பாத்துடேன்டி.”

“தட்டை எண்ணிட்டுப் பாக்கறேன். இன்னைக்கு மூணாம் நாள்.”

நானும் கூடவே போனேன். முப்பது வருஷம் வார்டில் நோயாளிகளைக் கவனித்தவள் நான். அந்த முகத்தைத் தனியே விடக்கூடாது.

தட்டில் வரிசைக்கு நான்கு இடம். பாதி வரிசைகளில் இரண்டு வெள்ளைப் புள்ளி, இரண்டு வெறும் இடம்.

“இது ஏன் இப்படி?”

“ஜோடி குரோமோசோம் ரெண்டும் கோத்துக்கிட்டு நிக்கணும் அத்தை. அப்பத்தான் செல் பிரியறப்போ இழுத்தா ஆளுக்கொரு பக்கம் போகும். கோக்கலன்னா ரெண்டும் ஒரே பக்கம் போயிடும். ஒண்ணு நாலாக ரெண்டு தடவை இழுக்கும். முதல் இழுப்புல தப்பினா நாலுல ரெண்டு சாகும். ரெண்டாவதுல தப்பினா ஒண்ணு.”

“சரிபண்ண முடியாதா?”

“எண்ணத்தான் முடியும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். கருவில் பதினெட்டாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தது. அப்படி இருந்தால் குழந்தை பிழைப்பது அரிது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

“எந்த இழுப்புல தப்பினதுன்னு ரிப்போர்ட்ல போடல அத்தை.”

“தெரிஞ்சா என்ன பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண முடியாது.”

படுக்கைப்புண் என்றால் புரட்டிப் படுக்கவைப்பேன். காய்ச்சல் என்றால் உடம்பைத் துடைத்துவிடுவேன். இதற்கு என் கையில் ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள்.

“இன்னும் ஒரு தட்டு பாக்கி” என்று எழுந்து உள்ளே போனாள்.

மகனுக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன்.

“இப்ப என்னம்மா பண்றது?” என்றான்.

அவளுடைய பை என் மடியில் இருந்தது. தண்ணீர் பாட்டிலை மூடி அதில் வைத்தேன்.