மார்கழிக்குத் தள்ளிவைத்த நாள்

வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். கடையின் ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டு, மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஸ்வெட்டரும் கையில் சூடான இஞ்சித் தேநீருமாக அக்கா உட்கார்ந்திருப்பார். சிங்கப்பூரில் என்ன பெரிய குளிர் என்று நீங்கள் சிரிக்கலாம். டிசம்பர் கடைசியில் நாலு நாள் விடாமல் மழை பிடித்தால் எங்களுக்கு அதுதான் குளிர்காலம். வருடம் முழுக்க ஓடிய கால்கள் அப்போதுதான் தரையை விட்டு மேலே ஏறும்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை, என் முதலாளி. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கல்யாண மேடை அலங்காரக் கடை வைத்திருந்தார். பதினோரு வருடம் நான் அவரிடம் புக்கிங் பார்த்தேன். எந்த முகூர்த்தம், எந்த மண்டபம், எந்த மணவறை என்று டைரியில் எழுதி வைப்பது என் வேலை. மார்கழியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் அந்தப் பக்கங்கள் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். ஆடியிலும்தான் வைப்பதில்லை. ஆனால் ஆடி முழுவதும் தூண்களுக்குப் பெயிண்ட் அடிப்பதிலும் திரைகளைத் தைப்பதிலும் போய்விடும். ஓய்வு என்றால் அது மார்கழிதான்.

முதல் வருடம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதையாவது பேசிக்கொண்டே இருந்தேன். "உன் வாய்க்கு லீவே கிடையாதா தம்பி? கொஞ்சம் சும்மா இரு லா" என்றார் அக்கா, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு. பிறகு பழகிவிட்டது. இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த வருடம் மேடையேறிய மணப்பெண்களில் யாராவது ஒருத்தியை நினைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்பார். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. அப்படி ஒரு நிம்மதியை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை.

அந்த நிம்மதியே எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. எதுவாக இருந்தாலும் மார்கழிக்குத் தள்ளிவிடுவோம். பல்வலி, மூக்குக் கண்ணாடி, ஜொகூரில் இருக்கும் நாத்தனாரைப் பார்க்கப் போவது, எல்லாம் மார்கழிக்கு. கணவரோடு சண்டை வந்தால்கூட அக்கா, "இப்ப நேரமில்ல, மார்கழியில பேசிக்கலாம்" என்று ஃபோனை வைத்துவிடுவார். நானும் சிரிப்பேன்.

நான் சேர்ந்த பதினோராவது வருடம், ஆவணியிலிருந்தே அக்காவுக்கு வயிற்றில் வலி. ரவிக்கைகள் தொளதொளவென்று தொங்கின. பாலிகிளினிக்கில் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை தேதி கிடைத்தது. டைரியைப் புரட்டினால் அன்றைக்கு இரண்டு கல்யாணம்.

"அப்பாயின்ட்மென்ட்டை மாத்திடு தம்பி. மார்கழியில போட்டுக்கலாம்."

"டாக்டர் சீக்கிரம் வரச் சொன்னாரே அக்கா."

"ஆயிரம் பேரு வர்ற கல்யாணம். நான் இல்லாம மேடை எப்படி நிக்கும்? மாத்து லா."

நான்தான் ஃபோன் செய்தேன். மறுமுனையில் இருந்த பெண் மார்கழி முதல் வாரத்தில் ஒரு தேதி கொடுத்தார். அக்காவின் பெயரை அந்த வெள்ளைப் பக்கத்தில் என் கையாலேயே எழுதினேன். வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்ட திருப்திகூட எனக்கு இருந்தது.

மார்கழியில் பார்த்தபோது புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஐப்பசியிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றால் என்னைத் திட்டிக்கொண்டிருப்பேன், இல்லை என்றால் மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவர் இரண்டும் சொல்லவில்லை. தினமும் மாலையில் போய் உட்காருவேன். ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன், அவர் ஒரு சுளையை வாயில் வைத்துவிட்டு மற்றதை என்னிடமே தந்துவிடுவார். போர்வையை இழுத்துவிடுவதைத் தவிர எனக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. "இந்த வருஷந்தான் தம்பி சரியான ரெஸ்ட்டு" என்றார் ஒரு நாள். கேலியாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது போய்விட்டார். நாதஸ்வரக்காரர்கள், சமையல்காரர்கள், ஐயர்கள், புகைப்படக்காரர்கள், மண்டப மேனேஜர்கள் என்று எங்கள் தொழிலில் இருந்த அத்தனை பேரும் மண்டாய் சுடலைக்கு வந்திருந்தார்கள். வேறு மாதமாக இருந்திருந்தால் பாதிப் பேரால் வந்திருக்க முடியாது. யாருக்கும் அன்று வேலை இல்லை.

இப்போது கடை அக்காவின் மகளுடையது. புக்கிங் இன்னும் நான்தான் பார்க்கிறேன். இந்த மார்கழியிலும் மழை விடாமல் பெய்கிறது, ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, என்னால் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. கொஞ்சம் அமைதியாக இருந்தாலும் மனம் அந்த ஃபோனுக்கே போகிறது. அக்கா சொன்னதைத்தான் செய்தேன், அது உண்மை. ஆனால் ஃபோனை வைத்துவிட்டு, "வேற தேதியே இல்லையாம் அக்கா" என்று சொல்லியிருக்கலாம். கல்யாண வீட்டாரிடம் தினமும் நாலு தடவை வாய் கூசாமல் சொல்லும் பொய்தான் அது. அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.