கோச்சிப் பாட்டின் வேகம்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. கண்டி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணீர்க் கடையில் என் பாட்டு அடிக்கடி ஓடும். அதைக் கேட்பதற்கென்றே வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து, வயிறு உப்பும்வரை தேத்தண்ணீர் குடிப்பேன். பாட்டு வந்ததும் பக்கத்து மேசைக்காரரிடம், ஒன்றும் அறியாதவன்போல, "யாரு எழுதினதோ, நல்லாத்தான் இருக்கு" என்பேன். ஒருநாள் ஒருவர், "எவனோ ஒரு கிறுக்கன் எழுதியிருக்கான்" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கிறுக்கன் பிரபலமாகிவிட்டான் என்ற சந்தோஷத்தில் வீட்டுக்கு நடந்தேன்.

அது கசெட் காலம். பகலில் நான் மாநகரசபையில் எழுதுவினைஞன். மாலையில் எங்கள் மெல்லிசைக் கோஷ்டிக்குப் பாட்டெழுதி, அதை நானே பாடியும் கெடுப்பவன். மெட்டுப் போடுகிறவர் வேறொருவர். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை, வயலின் வாசிப்பார். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை "அண்ணே" என்பேன், அவர் என்னை "ஐசே" என்பார். அதற்குமேல் அவர் அதிகம் பேசமாட்டார்.

இந்தியாவுக்குப் போகும்படி சொல்லப்பட்ட தேயிலைத் தோட்டத்துச் சனம் குடும்பம் குடும்பமாகக் கோச்சியேறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. வேலைக்கு இறங்கும் பேராதனை ரயில் நிலையத்தில் ஒருநாள் அவர் அதைப் பார்த்திருக்கிறார். கோச்சிக்குள் ஒருத்தி, மேடையில் அவளுடைய தங்கை. சன்னல் வழியே பிடித்த கையை இருவரும் விடவில்லை. கோச்சி நகர, மேடை முடியும் இடம்வரை தங்கை கூடவே ஓடியிருக்கிறாள். இதை அவர் எங்களுக்குச் சொன்னது நாலைந்து சொல்லில்தான். மிச்சத்தை வயலினில் வாசித்தார். வாசித்து முடித்தபோது எங்கள் தபேலாக்காரர் பீடி பற்றவைக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். அவருக்குப் பீடிப் பழக்கம் கிடையாது.

என் சின்னம்மா குடும்பமும் அப்படிக் கோச்சியேறிப் போனதுதான். அதனால் அந்த மெட்டுக்கு வரிகள் தேடி நான் அலையவில்லை. "சன்னலில் இருக்கும் கையை விடு, சங்கு ஊதிடுச்சு" என்று தொடங்கி எழுதினேன். என் வாழ்க்கையில் நான் கோமாளித்தனம் பண்ணாமல் எழுதிய பாட்டு அது ஒன்றுதான்.

கொழும்பு வீதியில் ரேடியோவும் கசெட்டும் விற்கும் முதலாளி ஒருவர் எங்கள் பாட்டுகளைக் கசெட்டாகக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருந்தார். கடையின் பின்னறையில் வைத்துப் பாடிக் காட்டினோம். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நல்லாருக்கு தம்பி. விக்காது."

"நீங்களே அழுதீங்களே, முதலாளி."

"நான் ஓசியில அழுதேன். காசு குடுத்து வாங்கி எவன் அழுவான்? அவனவன் வீட்டுலயே அது கெடக்கு. இதே மெட்டக் கொஞ்சம் ஓட விடுங்க. சிரிக்கிற மாதிரி நாலு வரி போடுங்க."

வயலின்காரர் என்னைப் பார்த்தார். நான் முடியாது என்று சொல்லியிருந்தால் அவரும் எழுந்து வந்திருப்பார். நானோ பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டி மூடியை எடுத்து அங்கேயே எழுதத் தொடங்கிவிட்டேன். பெண் பார்க்க நாவலப்பிட்டிக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை ஒருவன், பேராதனையில் வடை தின்ற மயக்கத்தில் கோச்சி மாறி ஏறிக் கொழும்பில் போய் இறங்கும் கதை. "பொண்ணு பாக்கப் போன மாப்பிள, கோச்சி மாறி ஏறிட்டான்." அதே மெட்டு, அதே நிலையம், அதே மேடை. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வயலின்காரர் ஒன்றுதான் கேட்டார். "அப்ப மற்றது?"

"அடுத்த கசெட்டுல அத மெதுவாவே போடுவோம், மாஸ்டர். இது என் வார்த்தை" என்றார் முதலாளி.

கோச்சி மாறிய மாப்பிள்ளை ஓடு ஓடென்று ஓடினான். அக்குறணை பஸ்ஸிலும் அவன்தான், மாத்தளைக் கல்யாண வீட்டிலும் அவன்தான். எங்கே போனாலும் முதல் பாட்டாகவும் கடைசிப் பாட்டாகவும் அதையே கேட்டார்கள். விற்ற பாட்டெல்லாம் கெட்ட பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்து லய வீடுகளில் பிள்ளைகள் அதைப் பாடிச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மேடையிலும் நான் இடுப்பை ஆட்டிப் பாடும்போது, பக்கத்தில் ஒருவர் சனத்தைப் பார்க்காமல் தந்தியையே பார்த்துக்கொண்டு வாசிப்பார்.

அடுத்த கசெட் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. "இதுலயும் ஓடுறதாவே போட்டுருவோம், மாஸ்டர். அடுத்ததுல கட்டாயம்" என்பார் முதலாளி. சில தடவை கேட்டவர் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். "சனம் சிரிக்குதே அண்ணே, அதுவும் புண்ணியந்தானே" என்று நான் ஆறுதல் சொன்னேன். "ஓம்" என்றார். அவருடைய அந்த ஓமுக்குப் பிறகு பேச்சு நகராது.

இப்படியிருக்கையில் முதலாளி ஒரு காலையில் கடை திறக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்துபோனார். செத்த வீட்டில் வயலின்காரர் ஒரு மூலையில் நின்றார். அந்த வார்த்தையும் பெட்டிக்குள் போய்விட்டதென்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் நினைத்தேன்.

சவ ஊர்வலத்துக்குப் பிலிமத்தலாவையிலிருந்து பேண்ட் கோஷ்டி பிடித்திருந்தார்கள். எல்லாரும் சிங்களவர்கள், தமிழ் தெரியாது. முதலாளியின் மூத்த மகன், அப்பாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு என்று சொல்லி எங்கள் கசெட்டை அவர்களிடம் முதல்நாளே கொடுத்திருக்கிறான். அவர்களுக்கு மாப்பிள்ளையும் தெரியாது, வடையும் தெரியாது. சவத்துக்கு முன்னால் எந்தப் பாட்டானாலும் பெட்டி தூக்குகிறவர்களின் நடைக்கு மெதுவாகத்தான் வாசிப்பார்கள். அதுதான் அவர்களுடைய தொழில் வழக்கம்.

திருகோணமலை வீதியில் திரும்பியதும் கிளாரினெட் அந்த மெட்டை எடுத்தது.

சாவு ஊர்வலத்தில் சனமெல்லாம் வாய்விட்டுச் சிரிக்கப்போகிறது, எழுதிய கிறுக்கன் இவன்தான் என்று என்னைக் காட்டப்போகிறது. எட்டிப்போய்க் கிளாரினெட்காரரைப் பார்த்து, வேண்டாம், நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். நான் ரசிப்பதாக எண்ணி அவர் தலையைத் தாழ்த்தி மரியாதை செய்து, முதலிலிருந்து இன்னொரு தரம் ஊதினார்.

யாரும் சிரிக்கவில்லை. மஹியாவை ஏற்றத்தில் எல்லாரும் தலைகுனிந்து நடந்தார்கள். வீட்டு வாசல்களில் பெண்கள் நின்றார்கள். அந்தப் பாட்டை அவர்கள் நூறு தரம் கேட்டுச் சிரித்திருப்பார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி உள்ளே போய்விட்டாள். அவர்களிலும் யாரோ யாரையோ கோச்சியேற்றிவிட்டு வந்தவர்கள்தானே. என் வரிகள் ஒன்றுகூட அங்கே இல்லை. கசெட்டில் ஏறாமலே போன அந்த முதல் வரிதான் எனக்குள் ஓடியது. சின்னம்மாவின் கையும் நினைவுக்கு வந்தது. அவர் கையைக் கடைசியாக விட்டது நான்தான்.

அழுதால் என் பேர் கெட்டுவிடும் என்று, வயலின்காரர் பக்கம் நகர்ந்து என் வழக்கமான குரலில், "பாத்தீங்களா அண்ணே, மொதலாளி கடைசியில வார்த்தையக் காப்பாத்திட்டாரு" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"கதையாம வாரும் ஐசே, பாட்டுக் கேக்க வேணும்."