நூற்றிருபதில் ஒரு வரிசை

புகைப்பட நிலையம் வைத்திருந்த அந்தப் பெண்ணை எல்லோரும் வரிசைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். படம் எடுப்பதில் அவள் சுமார்தான். ஆட்களை நிறுத்துவதில் அவளை அடிக்க ஆளில்லை. மருமகள் மாமியாருக்கு வலப்பக்கம் வரக்கூடாது என்பார்கள். ஓரகத்திகள் ஒட்டி நிற்க மாட்டோம் என்பார்கள். அவள் யாரையும் சமாதானப்படுத்துவதில்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் மனதுக்குள் கழித்துக்கொண்டே வந்து, மிச்சம் எத்தனை வரிசை என்று மட்டும் சொல்வாள். "ஒண்ணு இருந்தா போதும். ஒரு படத்துக்கு ஒரு வரிசைதானே வேணும்?"

அவளுடைய சொந்தக் குடும்பம் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. பெரியண்ணனுக்கு மறுநாள் இதய அறுவை சிகிச்சை என்று ஆன பிறகுதான் வந்தது. போவதற்கு முன் உடன்பிறந்தவர்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அதுவரை அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அதனால் எல்லோரும் வந்தார்கள். வந்து, ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஐந்து பேருக்கு நூற்றிருபது வரிசை. தாராளம் என்று நினைத்தாள் வரிசைக்காரி.

எல்லோருக்கும் மூத்த அக்கா, இடமிருந்து வலமாகத் தான், பெரியண்ணன், சின்னண்ணன் என்று பிறந்த வரிசை மாறக்கூடாது என்றாள். சின்னதுங்க ரெண்டும் எங்க வேணா சொருகிக்கட்டுமாம். சின்னதுங்க என்றால் வழுக்கை விழுந்த தம்பியும், மூக்குக்கண்ணாடி போட்ட வரிசைக்காரியும். மூன்று பேரை ஆறு விதமாக மாற்றலாம், அதில் ஒன்றுதான் செல்லும். நூற்றிருபது இருபதாயிற்று.

ஒரு ஏணி விஷயமாகப் பெரியண்ணனோடு பேச்சை நிறுத்தியிருந்த சின்னண்ணன், அவர் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்றார். எட்டு.

அக்காவை ஒட்டி நிற்க முடியாது என்றான் தம்பி. நின்றால் எச்சில் தொட்டுத் தலைமுடியைப் படிய வைப்பாளாம். முடி இருந்த காலத்தில் பிடித்த பயம், முடி போயும் போகவில்லை. ஆறு.

வெளியே நிறுத்திய வண்டியில் ஒரு கண் இருக்க வேண்டும், ஆகவே ஓரம்தான் வேண்டும் என்று மறுபடியும் வந்தார் சின்னண்ணன். நாலு. ஓரத்தில் நிற்பவர்களைக் கேமரா குண்டாகக் காட்டும், தனக்கு ஓரம் ஆகாது என்றாள் அக்கா.

ஒன்று.

இடக்கோடியில் அவளே, அடுத்து அக்கா, நடுவில் பெரியண்ணன், பிறகு தம்பி, வலக்கோடியில் சின்னண்ணன். தப்பிப் பிழைத்த அந்த ஒற்றை வரிசையை நினைத்து அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. ரிமோட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் சும்மா இருந்திருக்கலாம். யாரையும் கேட்காமல் விடக்கூடாது என்பது தொழில் பழக்கம்.

"உங்களுக்கு ஏதாவது இருக்கா அண்ணா?"

பெரியண்ணன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். "ஒண்ணுமில்ல பாப்பா. நீ மட்டும் என் பக்கத்துல இரு. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு."

பூஜ்யம்.

தொழிலுக்கு வந்து முதல்முறையாக, யாராவது ஒருவர் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டாள். தம்பி கூரையைப் பார்த்தான். சின்னண்ணன் வண்டியைப் பார்த்தார்.

"அவனுக்காக என் உசுரைக் கேளு, தரேன்," என்றாள் அக்கா. "ஓரத்தை மட்டும் கேக்காத."

வரிசைக்காரி உள்ளே போய், வாடகைக் கோட்டு மாட்டி வைக்கும் ஆளுயரப் பொம்மையைக் கோட்டோடு தூக்கி வந்து, இடக்கோடியில் தன் இடத்தில் நிறுத்தினாள். தான் போய்ப் பெரியண்ணன் காலடியில், அவர் முழங்காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலைமேல் கை வைத்தார்.

அக்கா மட்டும் பொம்மையை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு முன்னாடி நிக்குதே, இது என்னைவிட மூத்ததா?"

"அதுக்கு வயசே இல்லக்கா."

அந்தப் பதில் அக்காவுக்குப் பிடித்திருந்தது. விரலில் எச்சில் தொட்டுப் பொம்மையின் தலைமுடியைப் படிய வைத்தாள். அந்த நேரம் பார்த்து வரிசைக்காரி ரிமோட்டை அழுத்தினாள்.

அறுவை சிகிச்சை முடிந்து பெரியண்ணன் கண் விழித்தபோது படம் கட்டிலருகே இருந்தது. எல்லோரையும்விடப் பொம்மைதான் அதில் களையாக விழுந்திருந்தது. மருந்து கொடுக்க வந்த நர்ஸ், கோட்டுப் போட்டவர் யார் என்று கேட்டாள்.

"எங்க மூத்தவர்," என்றார் பெரியண்ணன். "ரொம்ப நல்ல மாதிரி. எங்க நிறுத்தினாலும் நிப்பார்."